நீச்சல் குளத்தில் தண்ணீர் மட்டத்துப் பட்டை மட்டும் நிறம் ஒட்டவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்ககமோ தனி வீடோ, நீச்சல் குளத்து மராமத்து என்று பேச்செடுத்தால் முதலில் வருவது தண்ணீர் நிற்கும் கோட்டை ஒட்டிய அந்த ஒரு அடிப் பட்டைதான். மற்ற சுவரெல்லாம் ஒரு நிறம், அந்த இடம் மட்டும் வேறு. சில குளங்களில் அது வந்த கோளாறு, சில குளங்களில் சரிசெய்யப் போய் உண்டாக்கிய கோளாறு. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். நம் ஊரில் அதிகம் இருப்பது கான்கிரீட் தொட்டியில் கண்ணாடி மொசைக் பதித்த குளங்கள் என்பதால் அதற்கே கூடுதல் இடம். வெள்ளைப் பூச்சு, ஃபைபர் குளங்கள் கடைசியில் வருகின்றன.

தண்ணி மட்டத்துல சுத்தி ஒரு பட்டை வேற கலரா தெரியுது. டைல்ஸ் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. கண்ணாடி மொசைக் லேசில் நிறம் விடாது. நிறம் மாறியதுபோல் தெரிவதற்குக் காரணம் அதன் மேல் படிந்த உப்பாக இருக்கலாம், எண்ணெய்ப் பிசுக்காக இருக்கலாம், இரும்புக் கறையாக இருக்கலாம், அல்லது டைல்ஸுக்கு நடுவே உள்ள கிரவுட் வெளுத்திருக்கலாம். ஐந்தாவதாக ஒன்று உண்டு: முன்பு யாரோ வேறு பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) டைல்ஸ் வைத்து ஒட்டியது. இந்த ஐந்தில் எது என்று தெரியாமல் உளியை எடுக்க வேண்டாம். முதல் நான்குக்கும் டைல்ஸை உடைக்கத் தேவையே இல்லை.

உப்பா, கறையா, பிசுக்கா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தண்ணீரை ஒரு அடி இறக்கி, பட்டை நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். விரலால் தேய்த்தால் வழவழப்பாகக் கறுப்பு ஒட்டினால் அது பிசுக்கு. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், சன் ஸ்க்ரீன், காற்றில் வரும் தூசி எல்லாம் சேர்ந்தது. ஈரப் பஞ்சில் சமையல் சோடாவைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். பம்பு ஓடியதும் குளம் முழுக்க நுரைக்கும்.

வெள்ளையாக, நகத்தில் சொரசொரவென்று இருந்தால் உப்புப் படிவு. அதன் மேல் நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் கால்சியம் கார்பனேட், எளிதில் போகும். பொங்காமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் சிலிகேட், அது வேறு கதை. பழுப்பு, செம்மஞ்சள் நிறமாக இருந்தால் மெடிக்கல் ஷாப்பில் வெள்ளை வைட்டமின் சி மாத்திரை வாங்கி, ஈரமான இடத்தில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். அந்த வட்டம் மட்டும் வெளுத்தால் இரும்பு. (சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையின் சாயம் சோதனையைக் குழப்பிவிடும்.) இலைக்கறை, பாசிக்கறை என்றால் வைட்டமின் சி-க்கு அசையாது, குளோரின் மாத்திரைக்கு வெளுக்கும்.

கடைசியாக ஒரு மக் தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் வித்தியாசம் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் மேல்பரப்பில்தான் கோளாறு. நனைந்தாலும் நிறம் வேறாகவே தெரிந்தால் டைல்ஸோ கிரவுட்டோ நிஜமாகவே வேறு.

உப்பு ஏன் அந்த ஒரு அடியில மட்டும் படியுது? கீழே சுத்தமா இருக்கே?

தண்ணீர் ஆவியாவது அங்கேதான். அலை அடித்து நனைந்த டைல்ஸ் வெயிலில் காய்கிறது, திரும்ப நனைகிறது, திரும்பக் காய்கிறது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 10 மீட்டருக்கு 5 மீட்டர் குளத்தின் பரப்பு 50 சதுர மீட்டர். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 250 லிட்டர் போகிறது. அதை ஈடுகட்ட 600 பிபிஎம் (லிட்டருக்கு 600 மில்லிகிராம்) கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரை விட்டால், தினமும் 150 கிராம் உப்பு குளத்துக்குள் சேருகிறது. ஒரு மாதத்தில் நாலரை கிலோ. ஆவியான தண்ணீர் அதில் ஒரு கிராமைக்கூட எடுத்துக்கொண்டு போவதில்லை. பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7.8-ஐத் தாண்டினால் இந்த உப்பு வேகமாகப் படியும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி பொருத்திய குளங்களில் பி.எச். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் அங்கே பட்டை சீக்கிரம் விழும்.

ஆசிட் ஊத்தித் தேய்ச்சா போயிடுமா?

கார்பனேட் என்றால் போகும். ஒரு பங்கு ஆசிட்டுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். வாளியில் முதலில் தண்ணீர், அதில் ஆசிட். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். குளோரின் பவுடர் இருந்த வாளியையோ மக்கையோ எடுக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு. கையுறை, கண்ணாடி கட்டாயம். ஏணி, கிரேட்டிங் போன்ற ஸ்டீல் சாமான்களைக் கழற்றித் தள்ளி வையுங்கள், ஆசிட் புகையிலேயே துரு பிடிக்கும்.

பட்டையை முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். கிரவுட் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஆசிட்டைக் குறைவாகக் குடிக்கும். ஒரு மீட்டர் நீளமாக எடுத்து, பிரஷ்ஷால் தடவி, அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். பிறகு சோடா கரைத்த தண்ணீரை ஒரு தரம் ஊற்றுங்கள். கடையில் கிடைக்கும் மஞ்சள் ஆசிட்டின் நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. வெள்ளை கிரவுட் இருக்கும் குளத்தில் அதைப் போட்டால் வெள்ளைப் பட்டை போய் மஞ்சள் பட்டை வரும். நிறமற்ற ஆசிட்டோ, சல்ஃபாமிக் ஆசிட் பொடியோ வாங்குங்கள். தங்க மினுக்கு, செம்பு மினுக்கு உள்ள மொசைக்கில் ஆசிட்டே வேண்டாம்.

ஆசிட்டுக்கும் அசையல, கல்லு மாதிரி இருக்கு. என்ன செய்ய?

அது சிலிகேட். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். செராமிக் டைல்ஸில் ஈரமான பியூமிஸ் கல்லால் தேய்க்கலாம். கண்ணாடி மொசைக்கில் அதே கல் கீறல் போடும். அதற்கு கண்ணாடி மணி அல்லது சோடாப் பொடியைக் காற்றழுத்தத்தில் அடிக்கும் முறை இருக்கிறது. ஆள் கிடைத்தாலும், ஓரத்தில் ஓரடி நீளம் அடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகு முழுவதும் விடுங்கள். அழுத்தம் கூடினால் டைல்ஸின் மினுமினுப்பு போய்விடும்.

சுத்தம் பண்ணியாச்சு. ஆனாலும் கீழே இருக்கிற மாதிரி வரல.

இங்கேதான் பலர் டைல்ஸைக் குறை சொல்கிறார்கள், குற்றவாளி கிரவுட். 20 மி.மீ. மொசைக்கை 2 மி.மீ. இடைவெளியில் பதித்தால், சுவரின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேல் கிரவுட்தான். அது நீலத்திலிருந்து சாம்பலுக்கு வெளுத்தால் சுவர் மொத்தமும் வெளுத்ததாகவே கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கு மேலே வெயில், மட்டத்தில் குளோரின், போதாததற்கு ஆசிட். நிறமூட்டிய சிமெண்ட் கிரவுட் இந்த மூன்றுக்கும் தாங்குவதில்லை. சந்தேகமிருந்தால் பட்டையிலிருந்து ஒரு டைல்ஸையும் கீழிருந்து ஒன்றையும் பெயர்த்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நீலமாக இருந்தால் டைல்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

அப்போ கிரவுட் மட்டும் மாத்தினா போதுமா?

டைல்ஸ் கெட்டியாக இருந்தால் போதும். கத்தி மாதிரியான கிரவுட் சுரண்டியாலோ, சிறிய ஆசிலேட்டிங் மெஷினாலோ டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வரை பழைய கிரவுட்டை எடுக்க வேண்டும். 4 மி.மீ. மொசைக்கில் அது 2.5 முதல் 3 மி.மீ. மேலே மெல்லிசாகப் பூசிய புதுக் கிரவுட் ஒரு வருஷத்துக்குள் உரிந்து வரும்.

எபாக்ஸி கிரவுட் போடுங்கள், குளோரினும் ஆசிட்டும் அதை அரிக்காது. ஆனால் வெயில் பட்டால் எபாக்ஸி மஞ்சளாகும். வெள்ளை எபாக்ஸியில் இது பளிச்சென்று தெரியும். தண்ணீருக்கு மேல் நிற்கும் பட்டைக்கு நடுத்தரச் சாம்பலோ நீலமோதான் நல்லது. இன்னொன்று, வெளுத்த இடத்தை மட்டும் திட்டுத் திட்டாக மாற்றாமல், குளத்து விளிம்பின் மேல் பதித்த கோப்பிங் கல்லிலிருந்து ஒரு கிடைமட்ட இணைப்புக் கோடு வரை நான்கு சுவரும் ஒரே மாதிரி செய்யுங்கள். கலந்த எபாக்ஸியைப் பூசி 20, 30 நிமிஷத்துக்குள் டைல்ஸ் முகத்தைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் பால் தெளித்த மாதிரி ஒரு மங்கல் படிந்து, நீங்கள் போக்க வந்த அதே வித்தியாசம் வேறு வேஷத்தில் வந்து நிற்கும்.

ஏழெட்டு டைல்ஸ் விழுந்துடுச்சு. அதே கலர் எந்தக் கடையிலயும் இல்ல.

ஒரே பெயர், ஒரே எண் போட்ட டைல்ஸும் பேட்ச்சுக்குப் பேட்ச் நிறம் மாறும். கட்டும்போது மிச்சமான பெட்டி மோட்டார் ரூமிலோ மொட்டை மாடி டாங்க் அடியிலோ கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் குளத்துக்குள்ளேயே கடன் வாங்கலாம். ஏணிக்குப் பின்னால், படிக்கட்டின் நிமிர்ந்த முகம், ஆழப் பக்கத்து அடிமூலை, ஓவர்ஃப்ளோ கிரேட்டிங்குக்குக் கீழே என்று கண் போகாத இடங்களிலிருந்து பழைய டைல்ஸைப் பெயர்த்து மட்டத்தில் வைத்துவிட்டு, பெயர்த்த இடத்தில் புதியதை வையுங்கள். ஏழெட்டு அல்ல, ஐம்பது டைல்ஸ் வரைகூட இது நடக்கும். பழைய டைல்ஸின் முதுகில் உள்ள சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வையுங்கள்.

கடைக்குப் போவதானால் பழைய டைல்ஸ் இரண்டு மூன்றைக் கையில் கொண்டுபோய், வாளித் தண்ணீரில் போட்டு, வெளியே பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். கடை டியூப் லைட்டில் எல்லா நீலமும் ஒரே நீலம்.

கிட்டத்தட்ட அதே நீலம் கிடைச்சுது. வெச்சுடலாமா?

வைக்காதீர்கள். முழுக்க வேறு நிறம் வைத்தால் பார்ப்பவர் டிசைன் என்று நினைப்பார். கிட்டத்தட்ட அதே நிறத்தை வைத்தால் ஒட்டு என்று நினைப்பார். நிறம் ஒட்டாத இடத்தில் நிறத்தைத் துரத்துவதை விட்டு, வித்தியாசம் எந்தக் கோட்டில் முடிய வேண்டும் என்று யோசிப்பதே இந்த வேலையின் சாமர்த்தியம். கோப்பிங்குக்குக் கீழே நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், இரண்டு மூன்று படி அடர்ந்த நீலத்திலோ கலவை மொசைக்கிலோ ஒரு பட்டை போட்டால் ஒட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடர்ந்த நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியாது, உப்பு தெரியும். வெளிர் நிறத்தில் இது தலைகீழ். போர் தண்ணீர் நம்பி இருக்கும் குளத்துக்குக் கருநீலம் வேண்டாம். வெளிர், அடர் இரண்டும் கலந்த கலவை மொசைக் இரண்டையும் மறைக்கும்.

சுத்திப் பட்டை மாத்த எவ்வளவு சாமான் வாங்கணும்?

அதே 10-க்கு 5 மீட்டர் குளத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 30 மீட்டர். 20 மி.மீ. மொசைக் ஷீட் 32.7 செ.மீ. சதுரமாக வருகிறது. ஒரு ஷீட் உயரத்துக்குப் பட்டை என்றால் 92 ஷீட். வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 102, எல்லாம் ஒரே பேட்ச் எண்ணாக. பரப்பு 9.8 சதுர மீட்டர். ஒட்டும் பசை சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ, சுவர் மேடு பள்ளத்துக்கும் சேர்த்து 20 கிலோ மூட்டை மூன்று. எபாக்ஸி கிரவுட் சதுர மீட்டருக்கு 1.3 கிலோ வீதம் பன்னிரண்டே முக்கால் கிலோ வரும், 15 கிலோ வாங்குங்கள். இரண்டு கோட் பாலிமர் வாட்டர்புரூஃப் பூச்சுக்கு 20 கிலோ.

பசை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடி வழியே சாம்பல் பசை தெரிந்து நீலத்தை அழுக்காக்கும். மூட்டையில் சி2டிஇ எஸ்1 (C2TE S1) என்ற வகைக் குறியும், தண்ணீருக்குள் பயன்படும் என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். ஷீட்டில் முகத்தில் காகிதம் ஒட்டிய வகையைக் கேட்டு வாங்குங்கள். முதுகில் வலை ஒட்டியவற்றில் சில, வலைப் பசை தண்ணீரில் இளகி டைல்ஸோடு வந்துவிடுகின்றன.

இதுக்காக பூல் முழுசா காலி பண்ணணுமா?

வேண்டாம், அதில் ஆபத்தும் உண்டு. குளத்துக்கு வெளியே நிலத்தடி நீர் உயரமாக இருந்தால் காலித் தொட்டியை அது கீழிருந்து தூக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில், கடலோரப் பகுதிகளில், ஏரிக்கரை மனைகளில் இதை மறக்கவே கூடாது. நம் பட்டை வேலைக்குக் கோப்பிங்கிலிருந்து 60 செ.மீ. கீழே தண்ணீர் இருந்தால் போதும். வழக்கமான மட்டத்திலிருந்து 45 செ.மீ. இறக்கினால் மேலே சொன்ன குளத்தில் 22,500 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு.

மட்டம் ஸ்கிம்மருக்குக் (மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் சுவர் வாய்) கீழே போனதும் ஸ்கிம்மர் வால்வை மூடிவிட்டு, அடி டிரெயின் வழியாக மட்டும் பம்பை ஓட்டுங்கள். இல்லையென்றால் பம்பு காற்றை இழுத்துக் காய்ந்து போகும். தண்ணீர் விழும் குழாய்கள் வெளியே தெரிகிற உயரத்தில் இருந்தால் பம்பை நிறுத்திவிட்டு, தினமும் சாயங்காலம் குளோரினைக் கரைத்து ஊற்றிக் கிண்டிவிட வேண்டியதுதான். வேலை முடியும்வரை பாசி பிடிக்காமல் இருந்தால் போதும்.

வேலை எந்த வரிசையில நடக்கணும்?

முதலில் தட்டிப் பாருங்கள். உளியின் மரப்பிடியால் தட்டும்போது "டொக்" என்று கெட்டியாகக் கேட்கும் இடம் வேறு, "டொம்" என்று வெற்றாகக் கேட்கும் இடம் வேறு. வெற்றான இடம் பட்டைக்குக் கீழேயும் இறங்கினால் பட்டை உயரத்தை இப்போதே கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு கீழ் எல்லையைத் தண்ணீர் மட்டத்தை வைத்தே குறியுங்கள், கோப்பிங்கிலிருந்து டேப் பிடித்து அல்ல. ஏன் என்று கடைசிக் கேள்வியில் வருகிறது. அந்த எல்லையில் கிரைண்டரில் மெல்லிய டைமண்ட் பிளேடு போட்டு, டைல்ஸ் கனத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. உடைக்கும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து எல்லையை நோக்கி வர வேண்டும். உளி சாய்வாக, சுத்தியல் சின்னதாக.

அடியில் இருக்கும் வாட்டர்புரூஃப் கோட்டிங் மேல் பகுதியில் கிழிவதைத் தடுக்க முடியாது. கீழ்க் கடைசி 10 செ.மீ. உயரத்தில் மட்டும் அதைக் கிழிக்காமல் டைல்ஸைப் பெயர்க்க மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதுக் கோட்டிங் பழையதன் மேல் ஏறி ஒட்ட அந்த இடம் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் தண்ணீர் அந்த இணைப்பில் நுழைந்து முதுகுப் பக்கம் போகும், ஒரு வருஷத்தில் டைல்ஸ் தள்ளும். இரண்டு கோட், ஒன்று கிடையாக, மற்றது நெட்டாக. ஸ்கிம்மர் வாய், விளக்குக் குழி, பைப் முனை ஆகியவற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் சேரும் இடத்தை எபாக்ஸி புட்டியால் அடையுங்கள்.

பசையை 4 மி.மீ. பல் கரண்டியால் இழுத்து, கரண்டியின் தட்டைப் பக்கத்தால் அந்த வரிகளைச் சமப்படுத்தி, ஷீட்டை ரப்பர் பலகையால் தட்டி அமுக்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் டைல்ஸின் முதுகில் வெற்றிடம் இருக்கவே கூடாது. சந்தேகத்துக்கு ஒரு ஷீட்டைப் பிய்த்துப் பாருங்கள், முதுகு முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். மே மாத வெயிலில் சுவரில் இழுத்த பசை பத்து நிமிஷத்தில் தோல் கட்டும்; பச்சை வலை கட்டி, காலையில் வேலையை முடியுங்கள். அரை மணி, முக்கால் மணி கழித்துக் காகிதத்தை நனைத்து உரித்து, கோணிய டைல்ஸைக் கரண்டி முனையால் நேராக்கலாம். பழைய மொசைக் 25 மி.மீ., புதியது 20 மி.மீ. என்றால் நெட்டுக் கோடுகள் ஒன்றோடொன்று சேராது. நடுவில் ஒரு நீள டைல்ஸ் வரிசையைப் பிரிகோடாகப் போட்டால் அந்த முறிவு தெரியாது.

மேல் வரிசை மட்டும் திரும்பத் திரும்ப விழுது. பசை சரியில்லையா?

பசையைப் பார்க்கும் முன் கோப்பிங் கல்லின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நடைதளத்துக்கும் குளத்துக்கும் நடுவே 10 மி.மீ. அளவில் ஒரு இடைவெளி இருந்து, அதில் ரப்பர் போன்ற சீலன்ட் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சிமெண்ட் அடைத்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 6 மீட்டர் அகலக் கான்கிரீட் தளம் வெயிலில் 25 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ. நீளும். நீள இடமில்லாமல் அது கோப்பிங்கைக் குளத்தின் பக்கம் தள்ளும். முதலில் பிளப்பது கோப்பிங்குக்கு நேர் கீழே உள்ள டைல்ஸ் வரிசை. எத்தனை உயர்ந்த பசை போட்டாலும் இது நிற்காது.

அந்தச் சிமெண்டை முழு ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். மேலே மட்டும் சுரண்டி சீலன்ட் பூசினால் அடியில் தள்ளல் தொடரும். 10 மி.மீ. இடைவெளிக்கு 12, 13 மி.மீ. நுரைக் கயிறை அமுக்கி உள்ளே வைத்து, அதன் மேல் 5, 6 மி.மீ. கனத்துக்கு பாலியூரித்தேன் அல்லது நியூட்ரல் சிலிக்கோன் சீலன்ட். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் இழுபடும். கயிறு வைப்பது அதற்காகத்தான், இடத்தை நிரப்ப அல்ல. பட்டை மாற்றும் அதே சமயத்தில் இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன 102 ஷீட்டும் வீண்.

எத்தனை நாள் கழிச்சுத் தண்ணி ஏத்தலாம்?

பசை காய ஒரு நாள் விட்டு கிரவுட் போடச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. குளத்து வேலையில் நாலைந்து நாளாவது விடுங்கள், ஈரம் உள்ளே சிக்கக் கூடாது. எபாக்ஸி போட்ட பிறகு ஏழு நாள். மழை மாதமாகவோ மலை ஊராகவோ இருந்தால் இரண்டும் கூடும். மூட்டையில் போட்டிருக்கும் நாள் இதைவிட அதிகமென்றால் அதுவே கணக்கு. தண்ணீர் ஏறிய முதல் இரண்டு வாரம் தினமும் பி.எச். பாருங்கள். புதுச் சிமெண்ட் அதை ஏற்றிக்கொண்டே இருக்கும், 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே பிடித்து நிறுத்தாவிட்டால் புதுப் பட்டையிலேயே முதல் உப்புக்கோடு விழும்.

தண்ணிய இறக்காம உள்ளேயே ஒட்ட முடியாதா?

ஒன்றிரண்டு டைல்ஸ் என்றால் முடியும். தண்ணீருக்குள் இறுகும் இரு பாக எபாக்ஸி புட்டியைப் பிசைந்து, குழியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அழுத்திப் பிடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் குளத்தை மூட முடியாதபோது காலில் குத்தாமல் இருக்க இது போதும்.

எங்க பூல் டைல்ஸ் இல்ல, வெள்ளைப் பூச்சு. ஒட்டுப் பேட்ச் போட்ட இடம் மட்டும் பளிச்சுனு தெரியுது.

வெள்ளை சிமெண்டும் மார்பிள் தூளும் கலந்த பூச்சில் பேட்ச் தெரியாமல் இருக்காது. எவ்வளவு தெரிகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. பழைய பூச்சு தண்ணீரில் கிடந்து மங்கிய வெள்ளை. புதியது சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளை சிமெண்ட் நூறு பங்குக்கு இரண்டு, மூன்று பங்கு சாம்பல் சிமெண்ட் கலந்தால் பழையதற்குக் கிட்டே வரும். மூன்று விகிதத்தில் சின்ன வில்லைகள் போட்டு, மறுநாள் குளத்துத் தண்ணீரிலேயே ஒரு வாரம் முக்கி வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கலவைக்கும் தண்ணீர் ஒரே அளவாக இருக்கட்டும். தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும், வலுவும் குறையும். சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு போட்டால் நிறம் கறுக்கும், இரும்புக் கரண்டியால் அளவுக்கு மீறி மெருகேற்றினாலும் கறுக்கும்.

பேட்ச்சை ஓரத்தில் மெல்லிசாகத் தேய்த்து முடிக்கக் கூடாது, அந்த ஓரம்தான் முதலில் உரியும். 10, 12 மி.மீ. ஆழத்துக்கு நேர்கோட்டில் வெட்டி, ஓரத்தை உள்பக்கம் சாய்வாகக் குடைந்து, நனைத்து, எஸ்பிஆர் (செயற்கை ரப்பர் பால்) அல்லது அக்ரிலிக் கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, அது காயும் முன் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மார்பிள் தூள் கலவையை அழுத்துங்கள். தச்சுக்கு வாங்கும் வெள்ளைப் பசையைக் கலக்க வேண்டாம், தண்ணீரில் திரும்ப இளகும். ஈரச் சாக்கு மூடி வையுங்கள். மட்டத்தை ஒட்டி மூன்று நான்கு பேட்ச்சுக்கு மேல் ஆகிவிட்டால் இந்தப் பாட்டையே விட்டுவிட்டு, மேலே சொன்ன மாதிரி அங்கே 15 அல்லது 20 செ.மீ. டைல்ஸ் பட்டை போட்டுவிடுவது மேல். நனைந்து காய்ந்து நனைந்து காயும் இடத்தில் வெறும் பூச்சு என்றைக்கும் முதலில் வெடிக்கும்.

ஃபைபர் பூல்ல மட்டத்துக்கிட்ட வெளுத்துப் போச்சு. அதே கலர் ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு) வாங்கி அடிச்சா?

முதலில் 1200 நம்பர் நீர்த்தாளால் ஒரு சாண் இடத்தைத் தேய்த்து, பாலிஷ் போட்டுப் பாருங்கள். மேலே மாவு பூத்தது மட்டும் என்றால் பழைய நிறம் வந்துவிடும். கொப்புளமோ வெடிப்போ இருந்தால்தான் ஜெல்கோட். அதை 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் மருந்து) சேர்த்துப் பூசி, 400-இலிருந்து 1200 வரை தேய்க்க வேண்டும். நிறம் முதல் நாள் சேர்ந்தாலும் வெயிலில் புதியது ஒரு விதமாகவும் பழையது ஒரு விதமாகவும் வெளுக்கும். ஃபைபர் குளத்தைக் காலி செய்யும் எண்ணமே வேண்டாம், தொட்டி வளைந்துவிடும்.

பேசாம பெயின்ட் அடிச்சுட்டா?

கண்ணாடி மொசைக் மேல் பெயின்ட் நிற்காது. வெள்ளைப் பூச்சின் மேல் எபாக்ஸி பெயின்ட் நிற்கும், ஆனால் மட்டத்துக்கு மேலே வெயிலில் மாவு பூத்து மறுபடி பட்டை விழும். வாங்குபவருக்கு வீட்டைக் காட்டப் போகிறவர்கள் செய்யும் வேலை அது.

புதுப் பட்டை போட்டு மூணு மாசம்கூட ஆகல, திரும்ப வெள்ளை. மேஸ்திரி தப்பா, மெயின்டனன்ஸ் ஆள் தப்பா?

வெள்ளை எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மட்டத்தில் ஒரே கோடாக, சுற்றிலும் சமமாக இருந்தால் தண்ணீர்க் கணக்கு தப்பு. பி.எச். 7.2–7.8, அல்கலினிட்டி (காரத்தன்மை) 80–120, கால்சியம் கடினத்தன்மை 200–400 பிபிஎம் என்ற எல்லைக்குள் இருக்கிறதா சோதியுங்கள். கடினத்தன்மை 400-ஐத் தாண்டிவிட்டால் அதைக் கரைத்து எடுக்க மருந்தில்லை. ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றி மென்னீர் விட வேண்டும். ஈடுகட்டும் குழாயை போர் லைனிலிருந்து மாற்றி சாஃப்ட்னர் லைனிலோ மழைநீர்த் தொட்டியிலோ இணைப்பது நிரந்தர வழி.

வெள்ளை கிரவுட் கோட்டிலிருந்தோ கோப்பிங்குக்கு அடியிலிருந்தோ கீழ்நோக்கி வழிந்த தாரையாக இருந்தால், தண்ணீர் சுவரின் முதுகிலிருந்து வருகிறது. பக்கத்துச் செடித்தொட்டி, வாட்டம் தப்பிய நடைதளம், மேலே சொன்ன சீலன்ட் இல்லாத இடைவெளி, இவைதான் வழக்கமான ஊற்று. அதை அடைக்காமல் ஆசிட்டால் கழுவினால் மாதா மாதம் கழுவ வேண்டியதுதான்.

ஒரு பக்கம் பட்டை அகலமா, எதிர்ப்பக்கம் குறுகலா தெரியுது. டைல்ஸ் எல்லாம் ஒரே அளவுதான். எப்படி?

தண்ணீர் பொய் சொல்லாது. குளத்தின் விளிம்புதான் மட்டமாக இல்லை. 10 மீட்டர் நீளத்தில் கோப்பிங் 15 மி.மீ. சாய்ந்திருந்தால் நடைதளத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அசையாத தண்ணீர்க் கோடும் பட்டையின் கீழ் ஓரமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது அந்த 15 மி.மீ. அப்படியே தெரியும். விளிம்பு வழியே தண்ணீர் வழிந்தோடும் ஓவர்ஃப்ளோ குளத்தில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வழிந்து, வழியாத பக்கத்தில் மட்டும் உப்பு கட்டுவதும் இதே கோளாறுதான்.

ஸ்கிம்மர் குளத்தில் சரிசெய்வது எளிது. காற்றில்லாத விடியற்காலையில் பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு நான்கு சுவரிலும் அரை மீட்டருக்கு ஒரு பென்சில் புள்ளி வையுங்கள். பட்டையின் கீழ் எல்லையை அந்தப் புள்ளிகளுக்கு இணையாகப் பிடித்து, 15 மி.மீ. ஏற்றத்தாழ்வைக் கோப்பிங்குக்கு அடியில் மேல் வரிசை டைல்ஸை வெட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். கல்லின் நிழல் விழும் இடம் என்பதால் அங்கே கண் போகாது. ஓவர்ஃப்ளோ குளத்தில் விளிம்பையே 2 மி.மீ. வித்தியாசத்துக்குள் மட்டம் பிடித்துத் தேய்த்தோ ஏற்றியோ ஆக வேண்டும். டைல்ஸ் வாங்கும் முன் அந்த மட்டத்தை ஒரு தடவை ரசமட்டக் குழாய் வைத்துப் பார்த்துவிடுங்கள்.